வெறும் கட்டைதானே என்று கேட்டாய்

மகனே,

'அன்புள்ள' என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. கோபம் அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருக்கிறது, அது நகர்ந்தால்தான் மற்றது வரும். போனில் பேசலாம் என்றால், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். ஒன்றரை மாதமாக அந்த அப்புறம் வரவே இல்லை. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படி. உன் மனைவி அபிநயாவும் படிக்கட்டும். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம், வீட்டு வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே நீ சொன்னதை ஞாபகப்படுத்துகிறேன். "ஒரு கட்டைக்குப் போயி ஏம்மா இம்புட்டுப் பேசுற? வேணும்னா புது டேபிளே வாங்கித் தாரேன்." சொல்லிவிட்டு பெங்களூருக்குப் போகும் காரில் ஏறிக்கொண்டாய். உன் மாமனார் வீட்டார் சுற்றி நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. நான் கட்டையைப் பற்றிப் பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் அப்படிச் சொன்னாய். கட்டை என்று சொல்லிவிட்டால் பேச்சு கட்டையோடு நின்றுவிடும், ஒரு மனுஷி வரைக்கும் போகாது என்று நினைத்தாய். அந்தச் சாமர்த்தியத்தைக் கேட்டபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சரி, கட்டையிலிருந்தே தொடங்குகிறேன். அப்பா நடத்திய நம் பூல் ஹாலில், டேபிளின் நாலு பக்கமும் ஓடுகிற தேக்குச் சட்டம் அது. ஆட வருகிறவர்கள் ரெயில் என்பார்கள், உன் அப்பா வாயில் சட்டம்தான். பந்து மோதித் திரும்புகிற ரப்பர் அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. பச்சைத் துணியின் ஓரம் அதற்குள்தான் செருகியிருக்கிறது. சட்டம் ஒரு நூல் தளர்ந்தாலும் பந்து செத்துப்போய்த் திரும்பும். யுனிவர்சிட்டிப் பையன்கள் ஒரு வாரம் பார்ப்பார்கள், அடுத்த வாரம் வேறு ஹாலுக்குப் போய்விடுவார்கள். ஒரு நாளில் எத்தனை கைகள் அதன்மேல் ஊன்றுகின்றன என்று நீயே கல்லாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஸ்டிக் முனையில் தேய்க்கிற நீலச் சாக்கின் தூள், வியர்வை, கீழே கடையில் பரோட்டா தின்றுவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வருகிறவனின் எண்ணெய், எல்லாம் அந்தச் சட்டத்தில்தான் இறங்குகிறது. இத்தனைக்கும் பதினைந்து வருஷமாக அது புதுசு போல இருந்தது என்றால், அது தானாக இருக்கவில்லை. தினமும் காலையில் ஹாலைக் கூட்டித் துடைக்க வந்த வசந்தா அப்படி வைத்திருந்தாள்.

அவள் காலையில் என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் நீ எழுந்ததே இல்லை. ஹாலைத் திறந்ததும் ஃபேனைப் போட மாட்டாள். போட்டால் சாக் தூள் பறந்து பச்சைத் துணியில் உட்காரும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் சட்டத்தின் மேல் இருக்கும் தூளை வெளிப்பக்கமாகத் தள்ளுவாள், உள்பக்கம் ஒரு துளி விழக்கூடாது. பிறகு பழைய வேட்டித் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிவாள். பிழிந்ததைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள், ஈரம் உறைத்தால் மறுபடியும் பிழிவாள். வலது கையில் அந்தத் துணி, இடது கையில் காய்ந்த துணி. வலது கை மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே போகும், இடது கை பின்னாலேயே துடைத்துக்கொண்டு வரும். பச்சைத் துணியும் மரமும் சேருகிற இடத்தில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் செருகி வைத்துக்கொள்வாள், ஈரம் அந்தப் பக்கம் தாண்டாமலிருக்க. சட்டத்தில் பதித்திருக்கும் சிப்பிப் புள்ளிகளை விரல் நுனியில் பஞ்சைச் சுற்றித் தனியாகத் துடைப்பாள். பாலிஷ் மாதம் ஒரு முறைதான். அதையும் மரத்தில் ஊற்ற மாட்டாள், துணியில் தொட்டுத்தான் தேய்ப்பாள். பிறகு டேபிளுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து ஸ்பேனரால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்குவாள். மத்தியானம் வெயில் மேற்கு ஜன்னலில் இறங்குவதற்குள் திரையை இழுத்துவிடுவாள். நம் ஊர் வெயில் ஒரு மாதம் பட்டால் போதும், தேக்கும் வெடித்துவிடும். இதில் பாதியைத்தான் அப்பா அவளுக்குச் சொன்னார். மீதியை அவளே கண்டுபிடித்தாள்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த முப்பத்தெட்டு நாளையும் நினைத்துப் பார். உனக்குக் கடைசி வருஷப் பரீட்சை, நான் வார்டு வாசலிலேயே கிடந்தேன். ஹால் சாவி வசந்தாவிடம்தான் இருந்தது. காலையில் அவள் துடைத்தாள், சாயந்தரம் அவளே கல்லாவில் உட்கார்ந்தாள், பையன்கள் சண்டை போட்டால் அவளே விலக்கிவிட்டாள். அப்பாவை அடக்கம் செய்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் மாடிப்படி ஏறியபோது, கதவைத் திறந்ததும் எனக்கு அழுகை வந்தது. இரண்டு டேபிளும் அவர் விட்டுப் போனபடியே இருந்தன. ஹாலை விற்றுவிடு, பொம்பளைக்கு இது ஆகாது என்று உன் பெரியப்பாக்கள் திருமங்கலத்திலிருந்து வந்து சொன்னபோது, விற்க மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே அன்றைக்குப் பார்த்த அந்தச் சட்டத்தால்தான். உன் படிப்பு முடிந்ததும் அந்த ஹாலால்தான்.

இனி நீ செய்ததைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க நான் திருமங்கலம் பக்கம் போனேன். இரண்டு நாள் ஹாலைப் பூட்டி, வசந்தாவுக்கும் லீவு கொடுத்திருந்தேன். உன்னிடம் ஒரு சாவி இருந்தது. நீ போட்டோகிராபரையும் அபிநயாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுத்தாய். எடுத்துக்கொள், அது உன் அப்பாவின் இடம், எடுக்க உனக்கு உரிமை இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே திறந்துவிட்டிருப்பேன். ஆனால் சட்டம் முழுக்கக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மிதக்கும் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாய். நீங்கள் இரண்டு பேரும் சட்டத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தீர்கள். ஹாலில் ஒரு கோலா பாட்டிலைக்கூட அதன்மேல் வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. அது உன் அப்பா கையெழுத்து. எடுத்து முடித்ததும் கிண்ணம் இருந்த இடமெல்லாம் வெள்ளை வளையம். உனக்குப் பயம் வந்திருக்கிறது. அதை மறைக்கக் கார் டேஷ்போர்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைக் கொண்டுவந்து சட்டம் நெடுக அடித்துத் தேய்த்திருக்கிறாய். வளையம் போகவில்லை. பச்சைத் துணியின் ஓரம் எண்ணெய் ஊறிக் கறுத்தது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததில் மூலைச் சட்டம் ஆடிப்போனது. பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, நான் திரும்பி வந்த அன்று ராத்திரி என்னோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அதை முதலில் பார்த்தவள் வசந்தா. தொடாமல் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி, ஏழெட்டுப் பையன்கள் ஆட வந்திருந்தார்கள். பார்த்ததும் உனக்குத்தான் போன் செய்தேன். நீ டவுனில் தையல்காரரிடம் கோட் அளவு பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "எனக்கென்னம்மா தெரியும். லீவுக்கு முந்தின நாளு வசந்தாக்கா அவசரத்துல ஈரத்துணியப் போட்டுத் தேச்சிருப்பாங்க." அவ்வளவுதான் சொன்னாய். சொல்லிவிட்டுக் கோட்டுக்கு என்ன நிறம் நன்றாக இருக்கும் என்று என்னையே கேட்டாய். நானும் பதில் சொன்னேன், நீலம் எடு என்று.

போனை வைத்துவிட்டு நான் வசந்தாவைத் திட்டினேன். அந்தப் பையன்கள் எல்லாரும் கேட்கிறபடி. கல்யாண வீடு என்றதும் வேலை ஏனோதானோ என்று ஆகிவிட்டதா, தண்ணீரை ஊற்றித் தேய்த்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல நிற்கிறாயே, பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றெல்லாம். பதினைந்து வருஷத்தில் அவளிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து சட்டத்தில் விரலை வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, இது எந் துணி செஞ்ச வேலை இல்ல. மோந்து பாருங்க, காரு வாசம் அடிக்குது."

நான் மோந்து பார்க்கவில்லை. அரை நிமிஷ வேலை. குனிந்து மூக்கை வைத்திருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும். உன்மேல் வைத்த நம்பிக்கை என் கழுத்தைக் குனிய விடவில்லை. பொய் வேறு சொல்கிறாயா என்றேன். அவள் இரண்டு துணியையும் மடித்துக் கல்லாமேல் வைத்தாள், பக்கத்தில் சாவியை வைத்தாள், படியிறங்கிப் போய்விட்டாள்.

நீ ஏன் அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னாய், நான் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினேன் என்று இந்த ஒன்றரை மாதமாக யோசிக்கிறேன். யோசித்தால் வேறு ஒரு நாளில் போய் நிற்கிறது. அப்போது நீ பத்தாம் வகுப்பு. ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் சைக்கிள் சாவியால் அந்தச் சட்டத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டாய். அப்பா கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான், தினமும் வந்து ஆடுகிற கொட்டாம்பட்டிப் பையன் ஒருவன் மேல் பழியைப் போட்டேன், அவன் இழுத்ததை நானே பார்த்தேன் என்று. கொட்டாம்பட்டியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன், விவசாயக் குடும்பம். இனி வர வேண்டாம் என்று அப்பா அவனிடம் சொல்லிவிட்டார். மறுநாள் அவன் என்னிடம் வந்து, "நான் என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்று கேட்டான். போப்பா, இங்கே நிற்காதே என்றேன். நீ என் பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். அப்பா சாகும்வரை நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது.

ஆகவே நீ இதை வேறெங்கும் கற்கவில்லை. தப்பு செய்தால் பக்கத்தில் இருக்கிற எளியவன் தலையில் வைத்துவிடலாம், அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நான்தான் கற்றுக்கொடுத்தேன். பிள்ளைமேல் பாசம் என்று அன்று நினைத்தேன். அது பாசம் இல்லை, உன்னை நான் கெடுத்த முதல் நாள் அது. இதை எழுதும்போது என்மேல் வருகிற கோபம் உன்மேல் வருவதைவிடக் குறைவு என்று நினைக்காதே. ஆனால் உனக்கு இப்போது வயது இருபத்தொன்பது. அம்மா கெடுத்தாள் என்று சொல்லி நீ தப்பிக்கவும் முடியாது.

பிறகு கல்யாணம். திருமங்கலத்தில் மண்டபம். வசந்தா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு, பட்டுச்சேலை கட்டி, முன்னால் நான் கையில் கொடுத்திருந்த பத்திரிகைக்கு மரியாதை செய்து வந்தாள். வரவேற்பில் நீங்கள் மேடையில் நிற்கும்போது பக்கத்துத் திரையில் அந்தப் படத்தை ஓட விட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பாட்டு ஓடுகிறது, விளக்கை அணைத்துவிட்ட நம் ஹால், நம் டேபிள், சட்டம் நெடுக மெழுகுவர்த்தி, அதன்மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீ. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். திரும்பினேன். எனக்கு இரண்டு வரிசை தள்ளி வசந்தா உட்கார்ந்திருந்தாள். திரையை ஒரு தரம் பார்த்தவள் மறுபடியும் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இப்போதாவது தெரிந்ததா என்று கேட்கிற மாதிரி பார்த்தாள், அவ்வளவுதான்.

அவள் மேடைக்கு வந்தாள். நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சில்வர் குடத்தை உன் கையில் கொடுத்து, "நல்லா இருங்க தம்பி" என்றாள். அபிநயாவின் கன்னத்தைத் தொட்டாள். நீ அவள் தோளில் கையைப் போட்டுப் போட்டோவுக்குச் சிரித்தாய். பின்னால் அதே படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எப்படியடா சிரிக்க முடிந்தது? பொய் சொன்னதைக்கூடப் பயத்தில் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே இறங்கி அவள் சாப்பிடாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் வாசல்வரை ஓடினேன். அதற்குள் என்னை யாரோ ஆரத்திக்குக் கூப்பிட்டார்கள், திரும்பி வந்துவிட்டேன். அதற்கும் நான் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அதற்குத்தான் நீ வாசலுக்குப் போய், எல்லாரும் நிற்கும்போது கட்டை என்றாய்.

நீ போன பிறகு சட்டத்தைச் சரிசெய்ய செய்யது பாயை வரவழைத்தேன். காஜிமார் தெருவிலிருந்து வருவாரே, பர்னிச்சர் பாலிஷ் போடுகிறவர். பழைய பாலிஷைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பாலிஷ் ஏற்றினார். அது ஒட்டவில்லை. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்தது போலச் சின்னச் சின்னக் குழியாக விலகி விலகி நின்றது. "தங்கச்சி, தண்ணி வளையம்னா ஒரு மணி நேரத்துல எடுத்துருவேன். இதுல காரு ஸ்ப்ரேல இருக்குற சிலிக்கான் எண்ணெய் ஊறியிருக்கு. யாரு அடிச்சது?" என்றார். என் மகன் என்றேன். நாலு நாள் உட்கார்ந்து மறுபடியும் மறுபடியும் துடைத்து, தேய்த்து, ஏற்றினார். மூன்று பக்கம் வந்துவிட்டது. மூலைச் சட்டத்தில் இன்னும் குழி இருக்கிறது, அது இனிப் போகாது என்றார். நீ மறைக்க அடித்ததுதான் மறையாமல் நிற்கிறது. வெறும் வளையத்தோடு விட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்லியிருந்தால் மரமும் பிழைத்திருக்கும், நீயும் பிழைத்திருப்பாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வசந்தா வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார், வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வசந்தா நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நடந்ததைச் சொல்லி, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் மகள் கதவோரம் நின்றிருந்தாள். வசந்தா அவளைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நீங்க திட்டுனதுகூடப் பெருசில்லக்கா. அந்தப் பயலுக முன்னால திட்டுனீங்க பாருங்க. அதுல மூணு பேரு இவ கிளாஸு. ஒங்கம்மாதான் டேபிள நாசமாக்குனவங்களாமேன்னு இவள ஒரு வாரம் காலேஜ்ல கேலி பண்ணிருக்காய்ங்க. இவ எங்கிட்ட வந்து, நெசமாம்மான்னு கேக்குறா. எம் பிள்ளைக்கு நான் சாட்சி சொல்ல வேண்டியதாப் போச்சு."

இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? நீ பெங்களூரில் ஏசி அறையில் இருக்கிறாய். இங்கே ஒரு பெண் பிள்ளை தன் தாயைப் பார்த்து, நிஜமா என்று கேட்டிருக்கிறாள். நீ கோட்டுக்கு நிறம் பார்த்த நேரத்தில் சொன்ன ஒரு வாக்கியம் அத்தனை தூரம் போயிருக்கிறது.

சனிக்கிழமை ஹாலுக்கு வா, எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நான் வந்து நிக்க மாட்டேங்கா. நீங்க சொல்லுங்க. எங் காதுக்கு வரும்." அவள் சொன்னது சரி. மன்னிப்புக் கேட்பது என் வேலை, அதற்கு அவள் வந்து காட்சிப்பொருளாக நிற்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை சாயந்தரம் இரண்டு டேபிளிலும் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னேன். இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அன்றைக்கு இருந்த பையன்களை நானே ஆள்விட்டு வரச்சொல்லியிருந்தேன். சட்டத்தைக் கெடுத்தது என் மகன், மறைக்கப் பார்த்து இன்னும் கெடுத்தான், பழியை வசந்தாமேல் போட்டான், விசாரிக்காமல் அவளை நான் உங்கள் முன்னால் திட்டினேன், அவள் அன்று சொன்னதுதான் உண்மை என்றேன். ஒன்றையும் விடாமல் முழுக்கச் சொன்னேன். வசந்தாவின் மகளைக் கேலி செய்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன், அவர்களே போய் அந்தப் பிள்ளையிடம் பேசிவிட்டு வந்தால்தான் இனி இங்கே ஸ்டிக்கைத் தொடலாம் என்றேன். மூன்று பேரும் திங்கட்கிழமையே பேசிவிட்டார்கள். அவர்களுக்கு வயது பத்தொன்பது.

பத்து நாள் கழித்து வசந்தா ஹாலுக்கு வந்தாள். மூலைச் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள், அடியில் குனிந்து போல்ட்டை ஆட்டிப் பார்த்தாள், நான் மேற்குத் திரையை இழுக்க மறந்திருந்ததைப் பார்த்து இழுத்துவிட்டாள். வேலைக்கு வந்துவிடு என்றேன். "இல்லக்கா. லேடீஸ் ஹாஸ்டல்ல வேலைக்குச் சேந்துட்டேன். ஒங்க மேல கோவம் போயிருச்சு. ஆனா வரல" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. கோபம் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அவள் அப்படி நினைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இப்போது சட்டத்தை நான்தான் துடைக்கிறேன். ஒரு டேபிள் முடிவதற்குள் முட்டி கழன்றுவிடுகிறது. துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எவ்வளவு பிழிய வேண்டும் என்று எனக்குப் பிடிபடுவதில்லை. வேறு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வைப்பேன், ஆனால் கொஞ்ச நாள் நானே செய்ய வேண்டும். எனக்கு அது தேவைப்படுகிறது.

போன வாரம் அபிநயா போன் செய்தாள், உன் ஆபீஸ் நேரத்தில். சட்டத்தில் வந்த வளையம் போய்விட்டதா அத்தை என்று கேட்டாள். நீ என்னிடம் அனுமதி வாங்கியதாகவும், வளையத்தைப் பற்றி அன்றைக்கே சொல்லிவிட்டதாகவும் அவளிடம் சொல்லியிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கும் ஒரு பொய். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு வசந்தாவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே அவளிடம் பேசி, நானும்தானே அதில் ஏறி உட்கார்ந்தேன், எனக்குத் தெரியாமல் போய்விட்டது, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். வசந்தாதான் எனக்குச் சொன்னாள். வசந்தா ஒரு தடவை தொட்ட கன்னம் அது, அபிநயாவுக்கு அவளோடு அவ்வளவுதான் பழக்கம். நீ அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

அபிநயாவிடம் உண்மையாக இரு. இதை மாமியாராகச் சொல்லவில்லை. ஒரு பொய்யை வைத்துக்கொண்டு உன் அப்பாவோடு கடைசி ஆறு வருஷம் குடும்பம் நடத்தியவளாகச் சொல்கிறேன். அவர் என்னை நம்பி அந்தக் கொட்டாம்பட்டிப் பையனை மறந்துவிட்டார். நான் ஒவ்வொரு முறை அந்தச் சட்டத்தைப் பார்க்கும்போதும் மறக்க முடியாமல் இருந்தேன். அவர் சிரித்துப் பேசும்போதுகூட, இவருக்குத் தெரிந்தால் என்ற எண்ணம் எனக்குள் ஓடும். அப்படி ஒரு வாழ்க்கை உனக்கு வேண்டாம்.

அடுத்த மாதம் இரண்டு பேரும் விருந்துக்கு வருவதாக உன் மனைவி சொன்னாள். அவளுக்கு என் வீட்டுக் கதவு எந்த நேரமும் திறந்திருக்கும். உனக்கு ஒன்று சொல்கிறேன். நான் செய்த தப்பை நான் சொல்லிவிட்டேன், அவள் செய்ததை அவள் சொல்லிவிட்டாள். நீ செய்தது மட்டும் இன்னும் உன் வாயிலிருந்து வரவில்லை. நான் ஹாலில் சொன்னது உனக்காகச் சொன்னது இல்லை, உனக்காக நான் இனி எதுவும் சொல்வதாகவும் இல்லை. நீயே வசந்தா வீட்டுக்குப் போய்ச் சொல், போனில் வேண்டாம். சேலை, ஸ்வீட் பாக்ஸ் எதுவும் வாங்கிக்கொண்டு போகாதே. வசந்தாவின் மகள் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ, அந்தப் பிள்ளை கேட்க வேண்டும். அவர்கள் உட்காரச் சொல்லாமல் போகலாம், நின்றுகொண்டே சொல். மன்னிக்காமலும் போகலாம். அதற்கும் நின்று கேட்டுவிட்டு வா.

பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் வருவது வசந்தாவின் தெருதான். அங்கே போய்விட்டு என் வீட்டுக்கு வா.

அம்மா